டோஃபு ஏன் சப்பென்று இருக்கிறது? முதன்முறை சமைப்பவர்களுக்கு

முதன்முறை டோஃபு வாங்குகிறவர்களில் பலரும் செய்வது இதுதான்: பாக்கெட்டை வெட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டியைச் சதுரம் சதுரமாக நறுக்கி, கொதிக்கிற கிரேவியில் போட்டுவிடுவார்கள். பன்னீருக்குச் செய்கிற அதே வேலை. பத்து நிமிடம் கழித்து வாயில் வைத்தால் கிரேவி ஒரு பக்கம், டோஃபு ஒரு பக்கமாக நிற்கும். மேலே மசாலா, உள்ளே உப்புமில்லை உறைப்புமில்லை. மீதிப் பாதிக் கட்டி ஃபிரிட்ஜின் மூலைக்குப் போய், நான்காம் நாள் குப்பைக்குப் போகும்.

சமைத்தவர் கையில் கோளாறு இல்லை. பன்னீரின் பக்குவத்தை டோஃபுவிடம் எதிர்பார்த்ததுதான் கோளாறு. பன்னீரில் பாதிக்குச் சற்று மேல்தான் தண்ணீர். நூறு கிராமுக்கு இருபது கிராமுக்குக் குறையாமல் பால் கொழுப்பும் உண்டு. அதனால் ஒன்றும் போடாமலே அதற்கென்று ஒரு ருசி இருக்கிறது. டோஃபுவில் முக்கால் பங்கு, மென்மையான வகைகளில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் வரை, தண்ணீர்தான். கொழுப்பும் குறைவு. ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்திருக்கிற பாத்திரத்தில் குழம்பை ஊற்றினால் எங்கே போகும்? டோஃபு சமையலின் முக்கால் வேலை இந்தத் தண்ணீரைக் கவனிப்பதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் நமக்குத் தெரிந்த தாளிப்பும் வதக்கலுமே.

டோஃபு எப்படி உண்டாகிறது

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து பன்னீர் வருகிறது அல்லவா? சோயா பயறை ஊறவைத்து அரைத்து, பிழிந்து, கொதிக்கவைத்த பாலில் ஓர் உப்பைக் கரைத்து ஊற்றினால் அதேபோலத் திரியும். திரிந்ததைத் துணியில் கட்டி எடை வைத்து அழுத்தினால் டோஃபு. திரிய வைக்கும் பொருட்கள் முக்கியமாக மூன்று. கடல்நீரிலிருந்து உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் நீரில் கிடைக்கும் மக்னீசியம் குளோரைடு ஒன்று. ஜப்பானியர்கள் இதை நிகாரி என்பார்கள். ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் இன்னொன்று. பட்டுப்போன்ற வகைக்குப் பெரும்பாலும் ஜிடிஎல் என்கிற மெல்லிய அமிலம். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். கால்சியம் சல்பேட் என்று போட்டிருந்தால் அந்த டோஃபுவில் சுண்ணாம்புச் சத்து கூடுதல்.

பிறந்த இடம் சீனா. அங்கே ‘தோஃபு’, ‘தோ’ என்றால் பயறு. ஜப்பானுக்குப் போய் ‘டோஃபு’ ஆனது. தென்சீனத்து ஹொக்கியன் மக்கள் வழியாக மலாய் மொழிக்குள் ‘தௌஹு’ என்று நுழைந்தது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அதனால் இது புதுச் சரக்கே இல்லை. அங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளின் மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் வறுவலில் பொரித்த தௌஹு துண்டுகள் கிடக்கும். பினாங்கின் பசெம்பூர் என்கிற சாலட்டிலும் உண்டு. ‘தௌஹு கோரெங்’ என்றால் முழுக் கட்டியைப் பொன்னிறமாகப் பொரித்து, வெட்டி, வெள்ளரியும் முளைப்பயறும் வைத்து, மேலே காரமான வேர்க்கடலைச் சாற்றை ஊற்றித் தருவது. தமிழ்நாட்டில்தான் ‘சோயா பன்னீர்’ என்ற பெயரை ஒட்டி விற்று, பன்னீரோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்துவிட்டார்கள்.

கடையில் எதை எடுப்பது

புதிதாகச் சமைப்பவர் ‘ஃபர்ம்’ அல்லது ‘எக்ஸ்ட்ரா ஃபர்ம்’ என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 200 கிராம் பாக்கெட்டாக வரும். வகை எதுவும் போடவில்லை என்றால் பாக்கெட்டோடு சேர்த்து விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள்: பன்னீரைப்போல எதிர்த்துத் திரும்ப எழும்பினால் கெட்டி வகை, தயிரைப்போல நெகிழ்ந்தால் மென்மையானது. ‘சில்கன்’ என்பது தனி வகை. அது அழுத்தப்படுவதே இல்லை. டப்பாவிலேயே புட்டிங்போல உறைகிறது. அதைப் பிழியப் போனால் கூழாகிவிடும், வாணலியில் வறுக்கப் போனால் சிதறிவிடும். சில்கனை வாங்கி வந்து மிளகு வறுவல் செய்யப் பார்த்து ‘உடைந்துபோச்சே’ என்று வருந்துகிறவர்கள் ஏராளம். கெட்டி வகை என்றால் வறுவல், பொரியல், குழம்பு. சில்கன் என்றால் சூப், சட்னி, இனிப்பு. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் வாங்க முடியாது.

பாக்கெட் உப்பியிருந்தாலோ, உள்ளேயிருக்கும் தண்ணீர் கலங்கலாக இருந்தாலோ வேண்டாம். லேசான மஞ்சள் தண்ணீர் இயல்புதான்.

தண்ணீரை வெளியேற்ற மூன்று வழி

எல்லாரும் சொல்வது அழுத்துவது. கட்டியைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஒரு தட்டின் மேல் வைத்து, மேலே இன்னொரு தட்டு, அதன் மேல் ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடை. ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் அளவாக இருக்கும். இருபது நிமிடம் போதும். 200 கிராம் கட்டியில் இருபது, முப்பது கிராம் தண்ணீர் துணியில் ஏறியிருக்கும். அம்மிக்கல்லைத் தூக்கி வைக்காதீர்கள். ஓரங்களில் விரிசல் விட்டு, நறுக்கும்போது உதிரும். வாக்குவம் பாக்கெட்டில் வருகிற எக்ஸ்ட்ரா ஃபர்ம் ஏற்கெனவே நன்றாக அழுத்தப்பட்டதுதான். துணியால் ஒற்றினால் போதும், எடை வைப்பது வீண்வேலை.

அழுத்தினால் தண்ணீர் போகும், ருசி வராது. அதற்கு இரண்டாவது வழிதான் எங்கள் தேர்வு: கொதிக்கிற உப்புத் தண்ணீர். தண்ணீரை எடுக்க மறுபடியும் தண்ணீரிலா போடுவது என்று தோன்றும். நடப்பது இதுதான். சூடு பட்டதும் மேற்பரப்பில் இருக்கும் புரதம் இறுகிச் சுருங்கி, உள்ளேயிருக்கும் ஈரத்தில் கொஞ்சத்தை வெளியே தள்ளும். அதே நேரம் உப்பு மெதுவாக உள்ளே இறங்கும். மேல்தோல் இறுகுவதால் பிறகு வறுக்கும்போது துண்டு உடையாது, ஒட்டுவதும் குறையும். சோயாவின் பச்சை வாடையும் கொஞ்சம் கழுவப்பட்டுவிடும்.

அளவு: அரை லிட்டர் தண்ணீருக்கு 1 டேபிள்ஸ்பூன் தூள் உப்பு, தலைதட்டி. நாக்கில் வைத்தால் கடல்நீர்போலக் கரிக்க வேண்டும். பயப்பட வேண்டாம், அத்தனையும் உள்ளே போகாது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, 2 சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கிய டோஃபுவைப் போட்டு மூடி, 15 நிமிடம் விடுங்கள். பிறகு ஓட்டைக் கூடையில் வடிகட்டி, துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, ஐந்து நிமிடம் மின்விசிறியின் கீழ் காயவிடுங்கள். சூடாக இருக்கும்போதே பரப்பினால் மேலேயுள்ள ஈரம் ஆவியாகவே போய்விடும். கையால் தொட்டால் வழவழப்பு போய், காகிதம்போலச் சற்றே வறண்டிருக்க வேண்டும். இந்த வறண்ட பதம் வராமல் எண்ணெயில் போட்டால் எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது.

ஒரு துண்டை இந்த நிலையிலேயே தின்று பாருங்கள். சாதாரணமாக ஆனால் உப்போடு, ஒரு வேகவைத்த வேர்க்கடலைபோல ஒரு ருசி தெரியும். தெரிகிறதென்றால் இனி எதில் போட்டாலும் அது தனித்து நிற்காது.

மூன்றாவது வழி உறைய வைப்பது. பொறுமை வேண்டும், ஆனால் குழம்புக்கு இதை அடிக்க ஆளில்லை. கட்டியை ஃபிரீசரில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். உள்ளேயிருக்கும் தண்ணீர் பனிக்கட்டிகளாகி, புரதத்தைத் தள்ளிக்கொண்டு இடம் பிடிக்கும். உருகிய பிறகு அந்த இடமெல்லாம் துளைகள். கட்டி மஞ்சளாக மாறியிருப்பதைக் கண்டு கெட்டுப்போனதென்று தூக்கி எறியாதீர்கள்; உருகினால் பழைய நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். முழுதாக உருகியதும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்தினால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிழிந்ததுபோலத் தண்ணீர் கொட்டும். நடுவில் பனி இருக்கும்போது பிழிந்தால் பிளந்துவிடும். ஜப்பானில் கோயா மலையின் பௌத்த மடங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கோயா-டோஃபு’ இந்த முறையில் உறையவைத்து உலர்த்தியதுதான்.

மிளகு டோஃபு வறுவல்

முதல் நாள் இதைச் செய்யுங்கள். டோஃபுவின் எல்லாத் தப்புகளும் சரிகளும் இந்த ஒரு வறுவலில் தெரிந்துவிடும். இரண்டு பேருக்கு அளவு.

வேண்டியவை: கெட்டி டோஃபு 200 கிராம், உப்புத் தண்ணீரில் போட்டு உலர்த்தியது. கார்ன்ஃப்ளவர் 1 டேபிள்ஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். வறுக்க எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன். தாளிக்க: நீளவாக்கில் அரிந்த பெரிய வெங்காயம் 1, தட்டிய பூண்டு 6 பல், கறிவேப்பிலை 2 ஆர்க்கு, பச்சை மிளகாய் 1, குடைமிளகாய் பாதி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒன்றரை டீஸ்பூன், சோயா சாஸ் 2 டீஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை.

கடையில் ‘சோளமாவு’ என்று கேட்டால் சில இடங்களில் நாட்டுச் சோளத்தை அரைத்த மாவையோ மஞ்சள் மக்காச்சோள மாவையோ கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது வெள்ளைவெளேரென்று, விரலிடையில் தேய்த்தால் கிறீச்சிடும் கார்ன்ஃப்ளவர். அது மேலே உள்ள ஈரத்தை உறிஞ்சி மெல்லிய ஓடாகும். அரிசி மாவு அந்த ஓட்டை நெடுநேரம் மொறுமொறுப்பாக வைத்திருக்கும். வடையிலும் பஜ்ஜியிலும் நாம் பிடி அரிசி மாவு போடுவது இதற்குத்தானே. மைதா வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தோல்போலத் தொய்ந்துவிடும்.

அகலமான பாத்திரத்தில் மாவுகளையும் மிளகாய்த்தூளையும் கலந்து, டோஃபுவைப் போட்டு, கரண்டி போடாமல் பாத்திரத்தையே குலுக்குங்கள். எல்லாப் பக்கமும் திருநீறு பூசியதுபோல மெலிதாக ஒட்டினால் போதும். மாவு பூசிய கையோடு எண்ணெயில் போட வேண்டும். பத்து நிமிடம் வைத்திருந்தால் ஈரம் ஊறி மாவு களியாகும்.

நான்ஸ்டிக் தவாவோ நன்கு பழகிய இரும்புத் தோசைக்கல்லோ எடுங்கள். எவர்சில்வர் வாணலி முதல் முறைக்கு ஆகாது. ஒட்டி, மொறுமொறுப்பான மேல்பக்கம் முழுவதும் வாணலியோடு போய்விடும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைப் போடுங்கள். உடனே சுற்றிலும் குமிழி வந்தால் சரி. துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் ஒற்றை வரிசையாக வையுங்கள். 200 கிராமில் ஏறத்தாழ இருபத்தைந்து துண்டு வரும். கல் சின்னதென்றால் இரண்டு தடவையாகப் போடலாம். நெருக்கி வைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் வறுபடுவதற்குப் பதில் வேகும்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கஷ்டமான கட்டம் இதுதான். மூன்று நிமிடம் எதையும் தொடக் கூடாது. அடிப்பக்கம் வறுபட்டதும் துண்டு தானாகவே கல்லை விட்டுவிடும். தோசைத் திருப்பியால் லேசாகத் தட்டிப் பாருங்கள்: நகர்ந்தால் திருப்பலாம், அடம்பிடித்தால் இன்னும் அரை நிமிடம். அவசரப்பட்டுச் சுரண்டியவுடன் பொன்னிறத் தோல் கல்லிலும் வெள்ளை உடம்பு கரண்டியிலும் வந்துவிடும். நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் நான்கு பக்கமும் வறுக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். எடுத்துத் தட்டில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கவும் கூடாது, மூடவும் கூடாது. தன் ஆவியிலேயே நமுத்துவிடும்.

அதே கல்லில் மிஞ்சிய எண்ணெயிலேயே பூண்டு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். பூண்டு ஓரம் சிவந்ததும் வெங்காயம். பெரிய தீயில் இரண்டு நிமிடம். கண்ணாடிபோல ஆனால் போதும், குழைய வேண்டாம். பிறகு குடைமிளகாய் ஒரு நிமிடம். தீயைக் குறைத்து மிளகு, சர்க்கரை, சோயா சாஸோடு ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர். சாஸ் முதலிலேயே போனால் கருகிக் கசக்கும். கடைசியாக டோஃபு, முப்பது விநாடி பிரட்டி இறக்குங்கள். தனியாக உப்பு போட வேண்டாம், உப்புத் தண்ணீரிலும் சாஸிலும் வந்துவிட்டது.

பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். விருந்தாளி தாமதமாக வருவார் என்றால் டோஃபுவையும் தாளிப்பையும் தனித்தனியே வைத்து, இலை போட்ட பிறகு ஒன்றாக்குங்கள்.

மசாலாவில் ஊறவைப்பது பற்றி

தந்தூரி மசாலாவில் தயிரும் எண்ணெயும் கலந்து ஓர் இரவு ஊறவைத்தால் உள்ளே மசாலா ஏறும் என்று பலரும் நம்புகிறார்கள். ஏறாது. டோஃபுவின் உடம்பெல்லாம் தண்ணீர். எண்ணெய் அதற்குள் போகாது, எண்ணெயில் கரையும் மசாலா மணமும் மேலேயே நின்றுவிடும். உள்ளே இறங்கத் தெரிந்தது உப்பும், உப்பு கரைந்த சோயா சாஸ்போன்ற நீரும்தான். ஊறவைத்தே தீருவேன் என்றால் சோயா சாஸ், இஞ்சிச் சாறு, எலுமிச்சை, தண்ணீர் என்று நீராக ஒரு கலவை செய்து அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெயும் மசாலாவும் வாணலியில் சேரட்டும். உறையவைத்துப் பிழிந்த டோஃபுவின் கதை வேறு. அது துளைகளால் எதையும் குடிக்கும். அதற்குப் பாதி உப்புதான் போட வேண்டும், இல்லையென்றால் கரித்துவிடும்.

முட்டைப் பொரியல்போல

நேரமில்லாத காலைக்கு. 200 கிராம் கெட்டி டோஃபுவை உப்புத் தண்ணீரில் போடும் வேலைகூட இதற்கு வேண்டாம். கையால் உதிருங்கள், துருவினால் ரவைபோல ஆகி வாயில் மணல் கடிக்கிற மாதிரி இருக்கும். பெரியதும் சிறியதுமாக உதிர்ந்தால்தான் முட்டை மாதிரி தெரியும்.

ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பொடியாக அரிந்த வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு, உதிர்த்த டோஃபுவைச் சேருங்கள். மூடி போடாமல், நல்ல தீயில், ஐந்தாறு நிமிடம். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு நசநசவென்று இருக்கும். அது வற்றி, வாணலியின் சத்தம் ‘சளசள’விலிருந்து ‘சிர்ர்’ என்று மாறும்போது உப்பும் மிளகும் போடலாம். தக்காளி சேர்ப்பதானால் அதை வெங்காயத்தோடேயே தண்ணீர் சுண்டும்வரை வதக்கிவிட வேண்டும்.

முட்டை வாசம் வேண்டுமா? சாட் கடைகளில் போடும் கருப்பு உப்பு கால் டீஸ்பூன். அதிலிருக்கும் கந்தகத்தின் வாடைதான் வேகவைத்த முட்டையின் வாடை. அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள், சூட்டில் அந்த வாசம் பறந்துவிடும். இந்துப்பு வேறு, இது வேறு. இந்துப்புவில் அந்த வாசம் இல்லை. கருப்பு உப்பின் கரிப்பைக் கணக்கில் வைத்துச் சாதாரண உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழம்பிலும் கிரேவியிலும்

புளியோ தக்காளியோ பட்டால் டோஃபு திரியாது, ஏற்கெனவே திரிந்ததுதானே. எவ்வளவு கொதித்தாலும் உருகவும் உருகாது. அந்த வகையில் நம் காரக்குழம்புக்கும் பூண்டுக் குழம்புக்கும் நன்றாகவே பொருந்தும். உறையவைத்துப் பிழிந்த டோஃபுவைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, குழம்பு பச்சை வாடை போய் எண்ணெய் பிரியத் தொடங்கும்போது போட்டு, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். கத்தியால் வெட்டினால் வழவழப்பான முகம் வரும். பிய்த்தால் கரடுமுரடாக, குழம்பு பிடித்துக்கொள்ள இடம் நிறைய இருக்கும். டோஃபு கொஞ்சம் குழம்பைக் குடித்துவிடும் என்பதால் வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக விட்டு ஆரம்பியுங்கள். காலையில் வைத்ததை இரவு சாப்பிட்டால் இன்னும் மேல்.

சால்னா, குருமா வகைக்கும் இதே கணக்கு. முந்திரியும் வெண்ணெயும் போட்ட கிரேவிக்கு மட்டும் வறுத்த டோஃபு நல்லது. பன்னீரிலிருந்து வருகிற பால் கொழுப்பு இங்கே இல்லாததால், ஒரு டேபிள்ஸ்பூன் முந்திரி விழுது கூட்டிக்கொண்டால் அந்தக் குறை தெரியாது. வறுத்ததை இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால் சேர்த்தால் போதும்.

சில்கன் வாங்கிவிட்டீர்களா

சமைக்கவே வேண்டாம். ஜப்பானில் வெயில் காலத்தில் சாப்பிடும் ‘ஹியாயாக்கோ’ இதுதான்: குளிர்ந்த சில்கனைத் தட்டில் கவிழ்த்து, துருவிய இஞ்சி, பொடியாக அரிந்த வெங்காயத்தாள், மேலே சோயா சாஸ். டப்பாவிலிருந்து உடையாமல் எடுக்க, அடிமூலையில் கத்தியால் சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து முழுதாக இறங்கும். நம் நாக்குக்கு நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினாலும் அருமையாகத்தான் இருக்கும்.

சீனத்துச் செங்டு நகரத்தின் மாப்போ டோஃபுவும் மென்மையான வகையில் செய்வதே. மிளகாயும் நாக்கை மரக்கவைக்கும் சிச்சுவான் மிளகும் போட்ட சிவந்த சாற்றில், உப்புத் தண்ணீரில் முன்பே சூடாக்கிய டோஃபுத் துண்டுகள். கற்றுக்கொள்ள வேண்டிய கைப்பழக்கம் ஒன்று அதில் உண்டு: துண்டுகளைக் கிளறுவதில்லை, கரண்டியின் முதுகால் மெதுவாக முன்னே தள்ளுவார்கள். மென்மையான எந்த டோஃபுவையும் குழம்பில் போட்டால் அப்படித்தான் நகர்த்த வேண்டும்.

மீந்ததை வைப்பது

பாக்கெட்டைத் திறந்த பிறகு மீதியை மூடியுள்ள டப்பாவில் போட்டு, மூழ்கும்வரை குடிதண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தினம் தண்ணீரை மாற்றினால் மூன்று நாள் வரும். நம் ஊர் வெயிலில் சமையல் மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். மேலே கொழகொழப்பு, புளித்த வாடை, தண்ணீரில் நூல்நூலாகக் கலங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுவிப் பயன்படுத்தும் யோசனையே வேண்டாம். மூன்று நாளில் தீராது என்று தோன்றினால் அன்றே ஃபிரீசரில் போடுங்கள், குழம்புக்குத் தயாராகிவிட்டது. சோயா ஒத்துக்கொள்ளாதவர்கள் டோஃபுவையும் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும்.

வீட்டிலேயே செய்து பார்க்க

நான்கைந்து தடவை சமைத்துக் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள். 250 கிராம் சோயா பயறு, எட்டு மணி நேரம் ஊறல். கோடையில் ஊறுகிற தண்ணீரை ஒரு தடவை மாற்றாவிட்டால் புளித்துவிடும். மொத்தம் இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுத் தவணை தவணையாக வழுவழுவென்று அரைத்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றி ஒட்டப் பிழியுங்கள்.

கொதிக்க வைக்கும்போது பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பசும்பாலைவிட வேகமாக நுரைத்துப் பொங்கும், அடியும் பிடிக்கும். அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கியதோடு இறக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. நுரை வெந்ததற்கு அடையாளமில்லை. சிறு தீயில் இன்னும் பத்து நிமிடம் கொதித்தால்தான் பச்சை வாடை போகும். செரிமானத்தைக் கெடுக்கிற, சோயாவில் இயல்பாக உள்ள பொருளும் பெருமளவு செயலிழக்கும்.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். சூடு 80 டிகிரி அளவுக்கு இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் 2 டீஸ்பூன் நிகாரி, அல்லது அரை டம்ளர் தண்ணீரில் 4 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையில் சற்றே புளிப்பாகவும் உதிரியாகவும் வரும், பொரியலுக்குப் போதும். ஜிப்சம் வாங்கினால் உணவுக்கென்று குறிப்பிட்டு விற்பதை மட்டுமே வாங்குங்கள். வர்ணக் கடைச் சரக்கு சமையலறைக்குள் வரவே கூடாது. கரைசலை மூன்று பங்காக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சுற்று மெதுவாகக் கிளறி நிறுத்துங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் திரிந்தது பொடிப்பொடியாகி, டோஃபு வறட்டுக் கட்டியாக வரும். மூடிப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேகம்போல் திரட்சியும் சுற்றிலும் தெளிந்த இளமஞ்சள் நீரும் தெரிய வேண்டும். நீர் இன்னும் பால்போல வெளுத்திருந்தால் கொஞ்சம் கரைசல் கூட்டலாம்.

ஓட்டைக் கூடையில் ஈரத்துணி விரித்து அள்ளி ஊற்றி, மடித்து, ஒரு கிலோ எடையில் அரை மணி நேரம். பிறகு துணியோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கி ஆறியதும் பிரியுங்கள். சூட்டோடு பிரித்தால் விண்டுபோகும். பயறையும் பிழிந்த பிழிவையும் பொறுத்து 350 முதல் 450 கிராம் வரை கிடைக்கும்.

துணியில் மிஞ்சிய சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். அது இன்னும் வேகாத பச்சைச் சக்கை, அன்றைக்கே தீர்க்க வேண்டும். அடை மாவு மூன்று பங்குக்கு ஒரு பங்கு சக்கை கலந்து, கொஞ்சம் கனமாகவே வார்த்து, நல்லெண்ணெய் விட்டு, மூடி போட்டு இரண்டு பக்கமும் நிதானமாக வேகவிடுங்கள். நடுவில் விண்டு பார்த்து, பச்சை வாடை இல்லையென்றால் எடுக்கலாம்.